முழங்கை வழி வந்த பங்காளி

அருணாவிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று அரசாங்கம் கொடுத்தது. வீடு தேடிப் போய் மருந்து கொடுக்கும் வேலையில், யாருக்கு ரத்தக் கொதிப்பு, யாருக்குச் சர்க்கரை, மாத்திரையை யார் விழுங்கினார், யார் விழுங்கியதாகச் சொல்லிக் கூரையில் செருகி வைத்தார் என்று எழுதுவதற்கு. மற்றொன்று, நீல அட்டை போட்டது, ஒடுகத்தூரில் அவளே வாங்கியது. அதில் தன் தோலைப் பற்றி மட்டும் எழுதுவாள். என்றைக்கு ஏறியது, என்றைக்கு இறங்கியது, அதற்கு முந்தின வாரம் என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதுவாள். பத்து வருஷமாக எழுதி, இது மூன்றாவது நோட்டு.

பதினாறு வயதில் பள்ளிக்கூட விடுதியில் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கிய கையோடு, புழுதியில் முதல் மழைத் துளி விழுந்த மாதிரி உடம்பெங்கும் சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. அவை நாளாவட்டத்தில் போய்விட்டன. இரண்டு முழங்கையில் இருந்தவை மட்டும் குடித்தனம் போட்டு உட்கார்ந்துகொண்டன. சிவந்த வட்டம், மேலே வெள்ளி மாதிரி செதில், தட்டினால் உதிரும். சொரியாசிஸ் என்று பேர் தெரிவதற்கே இரண்டு வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து முழுக்கை வைத்த சட்டைதான். நெல்லிவாசல் நாட்டின் மலைக் குளிருக்கு அது பொருத்தமாகவும் இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மோகனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அவளுடைய மருந்துப் பெட்டியை ஏற்றி வருவான். பெட்டியோடு அவளையும் ஏற்றி வந்து, ஒரு வருஷத்தில் அது கல்யாணப் பேச்சில் வந்து நின்றது. சொன்னபோது அவன் சட்டைக்கையை மடக்கிப் பார்த்துவிட்டு, “இவ்ளோதானா? நான் இன்னாவோ ஏதோன்னு பார்த்தேன்” என்று கியரைப் போட்டான். அந்த ஒரு கியருக்காகவே அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அருணா அன்று முடிவு செய்தாள்.

அருணாவின் ஊர் ஈச்சங்காட்டூர். ஓடையைத் தாண்டினால் மோகனின் ஊர் மேல்கொட்டாய். இரண்டு ஊருக்கும் ஆதி முதல் மாமன் மச்சான் முறைதான், பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள். மோகனின் அப்பா லட்சுமணன் மேல்கொட்டாயின் ஊர்க் கவுண்டர், வழக்குத் தீர்க்கிற தலைவர். பெண்ணுக்குக் கொடுக்கிற பரியம் பேசியாயிற்று. குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்த அருணாவின் அப்பா வந்ததும் தை மாதம் தாலி என்று நாளும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான், ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சுந்தரம்மாள், அருணா சட்டைக்கையை மடக்கிவிட்டதைப் பார்த்துவிட்டாள். துணி காய்வதற்குள் சேதி மேல்கொட்டாய்க்குப் போய்விட்டது. போகிற வழியில் அது குஷ்டம் ஆகிவிட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மேல்கொட்டாய் முறை. லட்சுமணனுக்கு ரத்தக் கொதிப்பு பார்க்க வேண்டிய நாள். அருணா கருவியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, கெட்டியான உடம்பு, தலையில் எப்போதும் தலைப்பாகை. குளிக்கும்போது எடுப்பாரா என்பது பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. தூங்கும்போதும் கட்டியிருப்பார் என்பதில் மட்டும் ஒரே கட்சிதான். அன்றைக்குப் பட்டையைச் சுற்றக் கையைக் கொடுக்கவில்லை. அவருடைய மனைவி பெரியம்மாள் அடுப்படியில் மோர் கடைந்துகொண்டிருந்தாள்.

“உங்கையில இன்னாமோ கீதாமே” என்றார் லட்சுமணன்.

அருணா ஒளிக்கவில்லை. பிறத்தியார் வீட்டு நோயையெல்லாம் நோட்டில் எழுதுகிறவள் தன் நோயை மறைப்பது முறையில்லை என்று அவளுக்கு எப்போதுமே ஓர் உறுத்தல் உண்டு. இரண்டு சட்டைக்கையையும் மடக்கிக் காட்டினாள். குஷ்டம் இல்லை, இது ஒட்டாது, தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் தின்றாலும் ஒட்டாது என்றாள். ஒட்டாது என்றால் பிறகு எப்படி வந்தது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. கிருமிக்குப் பெயர் சொன்னால் ஜனங்கள் ஒப்புக்கொள்வார்கள். கிருமியே இல்லை என்றால்தான் சந்தேகம்.

அருணா யோசித்து, அவருக்குத் தெரிந்த பக்கமாகப் போனாள்.

“ஒடம்புக்குள்ள காவலுக்கு நாய்ங்க இருக்குதுன்னு வெச்சிக்குங்க மாமா. திருடன் வந்தா கொலைக்கும், கடிக்கும். அதான் எதிர்ப்பு சக்தி. என் ஒடம்புல இருக்கிற நாய்க்கு வூட்டு ஆளு யாரு, திருடன் யாருன்னு தெரியல. எந்தோலப் பாத்தே கொலைக்குது.”

“கட்டிப் போட வேண்டியதுதான.”

“அதுக்குத்தான் களிம்பு. அது கொலைக்கக் கொலைக்க, தோலு பயந்துபோயி அவசர அவசரமா சொவுரு எழுப்புது. ஒரு மாசத்துல ஏறவேண்டிய தோலு நாலு நாள்ல ஏறிப்புடுது. பழசு வுழறதுக்குள்ள புதுசு. அதான் செதிலா கொட்டுது.”

லட்சுமணன் கண் இமைக்காமல் கேட்டார். அந்த நாய்க்கு ஏன் புத்தி கெட்டது என்றார். அருணாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அது வம்சாவழி என்று தொடங்கினாள். பெற்றவர்களிடமிருந்து வருகிற மரபணு என்று ஒன்று உண்டு, மூக்கு வருகிற மாதிரி, முடி வருகிற மாதிரி. கோபக்கார நாய் போட்ட குட்டிக்கும் கொஞ்சம் கோபம் இருக்கும் அல்லவா, எல்லாக் குட்டிக்கும் இருக்காது, சிலதுக்கு இருக்கும். அவளுடைய அம்மா ரத்தினம்மாளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அம்மாவின் தம்பிக்கு முட்டியில் உண்டு.

அந்தக் குட்டியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நாயோடு நிறுத்தியிருந்தால் கல்யாணம் குறித்த நாளில் நிம்மதியாக நடந்திருக்கும்.

லட்சுமணன் அடுப்படியைப் பார்த்து, கொல்லையில் கறிவேப்பிலை பறித்து வரச் சொன்னார். பாதி கடைந்த மோருக்கு இப்போது கறிவேப்பிலை எதற்கு என்று பெரியம்மாள் கேட்கவில்லை, எழுந்து போனாள். அவள் போனதும் அவர் கதவைச் சாத்திவிட்டு அருணாவின் எதிரில் குனிந்து உட்கார்ந்து தலைப்பாகையை அவிழ்த்தார். சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். முடி ஓரம் நெற்றியில் சிவந்த கரை, அதிலிருந்து பின்கழுத்து வரை வெள்ளைச் செதில். அவிழ்த்த துணியிலிருந்து தவிடு மாதிரி உதிர்ந்தது.

“முப்பது வருசம்” என்றார். “புங்க எண்ணெய் வெச்சேன். சீயக்கா போட்டேன். பச்சிலை அரைச்சிப் பூசினேன். ஒட்டாதுன்னியே, நெசமா?”

ஒட்டாது என்றாள். அவர் தலையணையைத் தனியாக வைத்திருந்தாராம். மோகன் குழந்தையாக இருந்தபோது ஒரு நாளும் தோளில் தூக்கியதில்லையாம், தலையைப் பிடித்துக்கொள்வானே என்று. அருணா அவர் தலையைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்தத் தலையைத் தொட்ட முதல் ஆள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டாள். அது தப்பு. முப்பது வருஷமாக அவர் தூங்கின பிறகு தலையை மெல்லத் தூக்கித் தலையணைத் துணியை உதறி மாற்றிக்கொண்டிருந்தவள் கறிவேப்பிலை பறிக்கப் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டு அருணா கிளம்பினாள். அரசாங்க நோட்டில், லட்சுமணன், தலையில் செதில் படை, மருத்துவரிடம் அனுப்பப்பட்டது என்று எழுதினாள். நீல நோட்டில் மாமாவுக்கும் இருக்கிறது என்று எழுதிப் பக்கத்தில் சின்னதாக ஒரு தலைப்பாகை வரைந்தாள். அவ்வளவு சந்தோஷம்.

இந்த இடத்தில் மேல்கொட்டாயின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே எந்த வழக்கையும் எப்படியும் பேசலாம். ஆடு மேய்ந்த வழக்கை நின்றுகொண்டே பேசி முடிப்பார்கள். ஆனால் யாருக்கு யார் என்ன முறை, பெண் கொடுக்கலாமா கூடாதா என்று பேசும்போது மட்டும், கவுண்டர் கோயில் முன்னாலிருக்கும் பலாமரத்தடியில் உட்கார்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். துணி மடியில் இருக்கும்போது சொன்ன சொல் திரும்பாது. துணி தலைக்கு ஏறினால் பேச்சு முடிந்தது. லட்சுமணன் கவுண்டராகிப் பன்னிரண்டு வருஷம். முறைப் பேச்சு வந்தபோதெல்லாம் அவருக்கு வயிற்று வலி வந்தது, இல்லாவிட்டால் ஒடுகத்தூரில் அவசர வேலை வந்தது. அவருடைய தம்பிதான் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தார். கவுண்டருக்குக் குடல் பலவீனம் என்று ஊர் நம்பியிருந்தது.

இப்போது பயம் தெளிந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் லட்சுமணன் ஊரைக் கூட்டினார். அருணாவுக்கும் ரத்தினம்மாளுக்கும் ஆள் வந்தது. குஷ்டப் பேச்சை ஊர் நடுவில் வைத்து அடக்கப்போகிறார் என்று அருணா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள்.

அவர் பலாமரத்தடியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கத் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்தார். கூட்டத்தில் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது. லட்சுமணன் அதற்காகவே காத்திருந்த மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். பிறகு விளக்கினார். காவல் நாயைச் சொன்னார். திருடனைச் சொன்னார். ஒரு மாசச் சுவர் நாலு நாளில் ஏறுவதைச் சொன்னார். அருணா சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். நாய் குரைப்பதை அவர் குரைத்தும் காட்டினார். இது ஒட்டாது, ஒட்டும் என்று இனிமேல் எவனாவது சொன்னால் அபராதம் என்றார். சுந்தரம்மாள் தலை குனிந்துகொண்டாள். அருணாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“இப்ப முறைக்கு வர்றேன்” என்றார் லட்சுமணன். “எந்தலையில கொலைக்கிற நாயும் அந்தப் பொண்ணு கையில கொலைக்கிற நாயும் ஒண்ணு. ரத்தத்துல வர்ற நாயி. அவளே சொன்னா. ஒரு தாயி போட்ட குட்டிங்க. அப்ப ரத்தம் ஒண்ணு. ரத்தம் ஒண்ணுன்னா பங்காளி. பங்காளி வூட்ல பொண்ணு எடுக்கறது உண்டா?”

உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

“நான் பொண்ணு வேணான்னு சொல்லல. பொண்ணு எனக்கு மவ ஆயிட்டா. மோகன் அண்ணங்காரன். தை மாசம் சீர் செய்வான்.” பிறகு அருணாவைப் பார்த்து, மனசார, கரிசனத்தோடு சொன்னார். “இனிமே மாமான்னு கூப்புடாத. பெரியப்பான்னு கூப்புடு.”

மோகன் ஜீப் சாவியைக் கீழே போட்டான். எடுக்கவில்லை.

தீர்ப்பு முற்றிவிடவில்லை. முறைத் தீர்ப்பு எதுவானாலும் எட்டாம் நாள் மறுபடி கூடி, எதிர்ச்சொல் உண்டா என்று கேட்ட பிறகுதான் உறுதியாகும்; முதல் சொல்லைத் திருப்ப அந்த ஒரு நாள்தான் உண்டு, அன்று சொல்வது கடைசிச் சொல். ஆக, அருணாவுக்கு ஒரு வாரம் இருந்தது.

அன்று மாலையே மோகன், ஒடுகத்தூருக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம், ஜீப்பில் டீசல் இருக்கிறது என்றான். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் தங்கச்சி சௌக்கியமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். அருணா மாட்டேன் என்றாள். மேல்கொட்டாயில் நாற்பத்தொரு வீடு, பதினேழு நோயாளிகள். அண்ணனோடு ஓடிப்போனவள் என்று பேர் எடுத்துவிட்டு அந்தக் கதவுகளை எப்படித் தட்டுவது? தட்டினாலும் யார் திறப்பார்கள்? அவளுக்கு மோகனும் வேண்டும், நாற்பத்தொரு கதவும் வேண்டும்.

வெள்ளிக்கிழமை லட்சுமணன் சொன்னபடி சுகாதார நிலையத்துக்கு வந்து டாக்டர் வெண்ணிலாவிடம் தலையைக் காட்டி, தலைக்குத் தைலம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். அருணா அவர் போகட்டும் என்று காத்திருந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து எழுதியே காட்டினார். இது ஒரு மரபணு செய்கிற காரியம் இல்லை, பல பத்து மரபணுக்கள். அவை விதை மாதிரி, ஒவ்வொருவர் மூட்டையிலும் வேறு வேறு விதைகள், வேறு வேறு கைப்பிடி அளவு. உன் மூட்டையில் இருப்பது அவர் மூட்டையில் இல்லாமலிருக்கலாம், இரண்டு மூட்டையிலிருந்தும் ஒரே மாதிரிப் படை முளைக்கலாம். விதை இருந்தாலே முளைக்கும் என்றும் இல்லை. தொண்டைக் காய்ச்சல், அடிபட்ட காயம், கவலை, குளிர் என்று ஒரு மழை பெய்ய வேண்டும். விதை இருந்தும் சாகிற வரை முளைக்காதவர்கள் ஏராளம். உலகத்தில் எந்த நாட்டில் நூறு பேரைப் பிடித்தாலும் ஒருவருக்கோ இருவருக்கோ இருக்கும். அத்தனை பேரும் பங்காளி என்றால் தாங்குமா என்றார்.

அருணா காகிதத்தைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு மேல்கொட்டாய்க்குப் போனாள். லட்சுமணன் வாசலில் தலையில் தைலத்தோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை கொடியில் கிடந்தது. கண்டதும் ‘வாம்மா மவளே’ என்றார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். விதை மூட்டை அவருக்குப் பிடித்திருந்தது.

“வெள்ளக்காரனுக்கும் வருமா?”

“வரும்.”

“அப்ப அவனும் பங்காளிதான். நாம அவனுக்குப் பொண்ணு குடுக்கப் போறதில்ல. அதனால பேஜார் இல்ல.”

அவர் வாதம் தப்பான அஸ்திவாரத்தில் கட்டின வீடுதான், ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. எந்தக் கல்லைப் பிடுங்குவது? அடுப்படியில் மத்து நின்றது. கடைவது நின்றுவிட்டால் பெரியம்மாள் கேட்கிறாள் என்று அர்த்தம் என்பது அந்த வீட்டுக்குப் பழகினவர்களுக்குத் தெரியும். அருணா போகும்போது அவள் ஒரு சொம்பு மோரைக் கொடுத்து, உன் காகிதத்தில் எழுதினதை இன்னொரு தடவை அவருக்குச் சொல்லு, மனப்பாடம் ஆகிற மாதிரி சொல்லு என்றாள். எதற்கு என்று அருணா கேட்டாள். “வயசானவருக்கு ஞாபகம் நிக்காது” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அருணா மனப்பாடம் ஆகிற மாதிரிதான் சொன்னாள். ரத்தக் கொதிப்பு பார்க்க வேண்டும் என்ற சாக்கில் அந்த வாரம் மூன்று முறை போனாள். மூன்று முறையும் மூட்டை, விதை, மழை, நூறு பேரில் இருவர். மூன்றாம் முறை அவரே அவளை முந்திக்கொண்டு சொல்லி முடித்து, ஆனாலும் பங்காளிதான் என்றார். நீல நோட்டில் அந்த வாரம் இப்படி இருந்தது: ‘கவலை. இடது முழங்கை பொட்டு அளவிலிருந்து அடை அளவு. வலது அப்பளம்.’

எட்டாம் நாள் ஊர் கூடியது. ஈச்சங்காட்டூரிலிருந்தும் நாலு பேர் வந்திருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். மோகன் ஜீப்பைக் கீழே போகிற பக்கமாகத் திருப்பி நிறுத்தியிருந்தான். லட்சுமணன் உட்கார்ந்தார். ஒரு வாரத் தைலத்தில் தலை கொஞ்சம் தெளிந்திருந்தது. துணியை மடியில் வைத்தார், எதிர்ச்சொல் உண்டா என்றார்.

அருணா எழுந்து, மூட்டையைச் சொன்னாள், விதையைச் சொன்னாள். ஊர் தலையாட்டியது. புரிந்த தலையாட்டல் இல்லை, நல்ல பெண் பாவம் என்கிற தலையாட்டல். அவள் உட்கார்ந்தாள். லட்சுமணன் வேறு யாராவது என்று பேருக்குக் கேட்டார்.

“எம் முட்டியையும் பாத்து சொல்லிடுங்க” என்றாள் பெரியம்மாள்.

பெண்கள் பக்கமிருந்து நடந்து வந்து, மரத்தடியில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, புடவையை முட்டி தெரிகிற அளவுக்கு மட்டும் ஏற்றினாள். முட்டியில் தோல் காய்ந்து தடித்து வெளுத்திருந்தது, வட்டமாக.

கூட்டம் முட்டியைப் பார்த்தது, பிறகு லட்சுமணனின் தலையைப் பார்த்தது, மறுபடி முட்டியைப் பார்த்தது. கணக்குப் போட ஊருக்கு நேரம் பிடித்தது. முதலில் போட்டு முடித்தது லட்சுமணனின் தம்பிதான். பன்னிரண்டு வருஷம் முறை பேசின பழக்கம். அண்ணிக்கும் அது இருந்தால் அண்ணியும் பங்காளி. பங்காளியைக் கட்டி முப்பத்திரண்டு வருஷம், மூன்று பிள்ளைகள், என்று அவர் மெதுவாக, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல் எடுத்து வைத்தார். அப்படிக் கட்டினவர்களை ஊரை விட்டுத் தள்ளி வைப்பது வழக்கம். கவுண்டரைத் தள்ளி வைத்தது உண்டா என்று யாரோ கேட்டார்கள். உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

லட்சுமணனுக்கு நெற்றியில் தைலமும் வேர்வையும் சேர்ந்து வழிந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அட, நில்லுங்கப்பா” என்றார். “ஒரே மாரி கொலைச்சா ஒரே தாயி குட்டியா? ஒடுகத்தூர் சந்தையில கொலைக்கிற நாயும் கொலைக்குது, சந்தவாசல் ஊர்ல கொலைக்கிற நாயும் கொலைக்குது. ரெண்டும் ஒரு வவுத்துலயா பொறந்திச்சி?”

இல்லை என்றது கூட்டம்.

“மூட்டை, மூட்டை. அவங்கவங்க மூட்டையில அவங்கவங்க வெதை. எம் மூட்டையில தினை, சாமை. அவ மூட்டையில கேவுரு, கம்பு. மழை பேஞ்சா ரெண்டுலயும் பச்சையாத்தான் மொளைக்கும். தூரத்துலேர்ந்து பாத்தா ஒண்ணாட்டம் தெரியும். ஒண்ணா? ஒலகத்துல நூறு பேருல ரெண்டு பேருக்கு இருக்குது. வெள்ளக்காரனுக்கு இருக்குது. வெள்ளக்காரன் நமக்குப் பங்காளியா? அசிங்கமா இருக்குது கேக்கறதுக்கே. படை ஒண்ணா இருந்தா பங்காளி இல்ல. பாட்டன் பூட்டன் ஒண்ணா இருந்தாத்தான் பங்காளி. இதாம் முறை. நான் சொல்றன்.”

மடியில் துணி இருந்தது. அதை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

மோகன் பலாமரத்தில் சாய்ந்துகொண்டான். அருணாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் லட்சுமணன் விடவில்லை. பயம் இன்னும் இறங்கவில்லை. “எதுக்கும் நீ ஒரு தபா பாத்து சொல்லும்மா. உங்கத்தைக்கு அதானா?”

அருணா போய்ப் பெரியம்மாளின் எதிரில் உட்கார்ந்தாள். முட்டியைத் தொட்டாள். விரலுக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பு இல்லை, கரை இல்லை, தட்டினால் உதிர ஒன்றும் இல்லை. கெட்டியாக, வழவழப்பாக இருந்தது. சாமைக் கொல்லையில் முட்டி போட்டுக் களை எடுத்து எடுத்துக் காய்த்த காய்ப்பு. மேல்கொட்டாயில் களை எடுக்கிற எந்தப் பெண்ணின் முட்டியை ஏற்றிப் பார்த்தாலும் அதுதான் இருக்கும்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியம்மாளின் கண் எதையும் கேட்கவில்லை. அருணா கையில் அரசாங்க நோட்டு இருந்தது. பதினேழு பேரைப் பற்றி அதில் எழுதியிருப்பதெல்லாம் அவள் விரலால் தொட்டுப் பார்த்து, கருவியில் படித்து எழுதினது. ஒன்று பொய் என்றால் மற்றவை எதற்கு? ஆமாம் என்றால் நாளைக்கு இந்த முட்டிக்குக் களிம்பு வேறு பூசச் சொல்ல வேண்டும். இல்லை என்றால், இத்தனையும் தலைகீழாகத் திரும்புமா? அவள் லட்சுமணனின் மடியில் கிடந்த அந்தத் துணியைப் பார்த்தாள். இன்னும் தலைக்கு ஏறவில்லை.

“இது அது இல்ல மாமா. களையெடுத்த காய்ப்பு.”

காற்றில் பலா இலை ஒன்று விழுந்தது. லட்சுமணன் வாயைத் திறந்தார். அவர் மனசில் ஓடினது எல்லோருக்கும் தெரிந்தது. முட்டி காய்ப்பென்றால் பெரியம்மாள் பங்காளி இல்லை, அவள் பங்காளி இல்லையென்றால் பழைய தீர்ப்புக்கு ஒரு பழுதும் இல்லை. வாய் திறந்தபடியே கண் கீழே மடிக்குப் போனது. துணி அங்கேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டு சொன்ன சொல் வெளியே போய்விட்டது. வாய் மெல்ல மூடிக்கொண்டது.

“பொய்யா சொன்ன?” என்று மனைவியைக் கேட்டார்.

“முட்டியைப் பாத்து சொல்லுங்கன்னுதான் சொன்னேன்” என்று பெரியம்மாள் புடவையை இறக்கிவிட்டு எழுந்தாள். “மீதியெல்லாம் நீங்க சொன்னது.”

முதலில் சிரித்தது அவருடைய தம்பி. பிறகு சிரிக்காதவர்கள் என்று யாரும் மிஞ்சவில்லை, சுந்தரம்மாள் உட்பட. லட்சுமணன் கொஞ்ச நேரம் கடுப்பாக இருந்து பார்த்தார். அது நிற்கவில்லை. துணியை எடுத்து உதறினார், தலைக்குக் கொண்டு போனவர் பாதியில் நிறுத்தித் தோளில் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பதற்குத் துணி தலைக்கு ஏற வேண்டும், தோளில் போட்டால் முடிந்ததா இல்லையா என்று தம்பி கேட்டார். டாக்டரம்மா தலையைக் காற்றாட விடச் சொல்லியிருக்கிறார், இனிமேல் தோள்தான், முடிந்தது என்றார் லட்சுமணன். வழக்கம் அவ்வளவு சுலபமாக மாறும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

மோகன் ஜீப்பைத் திருப்பி நிறுத்தப் போனான். அருணா கூடப் போனாள். நடக்கையில் அவன், இத்தனை நாள் கேட்காமலிருந்ததைக் கேட்டான்.

“எங்கப்பாக்கு இருக்குது, உனக்கு இருக்குது. நமக்குப் பொறக்கறதுக்கும் வருமா?”

“வரலாம். வராமலும் போலாம். மத்தவங்க வூட்டவிட நம்ம வூட்ல வர்றதுக்குக் கொஞ்சம் தோது ஜாஸ்தி” என்றாள் அருணா. “வந்தா தெரிஞ்சிக்கறதுக்கு நோட்டு எழுதி வெச்சிருக்கேன் இல்ல.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “வந்தா நான் தோள்ல தூக்கிப்பேன்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி ரிவர்ஸ் போட்டான்.

அருணா பானெட்டின் மேல் அரசாங்க நோட்டை வைத்து எழுதினாள்: பெரியம்மாள், முட்டியில் காய்ப்பு, மருந்து தேவையில்லை. எழுதி முடிப்பதற்குள் வண்டி பின்னால் நகர்ந்துவிட, நோட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். பின்னாலிருந்து லட்சுமணன் கூப்பிட்டார். வாரா வாரம் பார்க்கிற ரத்தக் கொதிப்பை இந்த வாரம் இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம், இப்போது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

“வர்றேன் மாமா” என்றாள்.

“வாம்மா” என்றார் அவர்.